வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே டெர்வூரென் என்று ஓர் ஊர். டிராமில் போகலாம், பாதிக்கு மேல் காட்டு வழி. இறங்கி நடந்தால் குளமும் பூங்காவுமாக, அரண்மனை மாதிரி ஒரு கட்டடம் நிற்கும். அதுதான் அங்குள்ள ஆப்பிரிக்க அருங்காட்சியகம். உள்ளே ஒரு நீண்ட கூடத்துச் சுவரில் 1508 பெயர்கள் இருக்கின்றன. 1876க்கும் 1908க்கும் இடையில் காங்கோவில் இறந்துபோன பெல்ஜியர்களின் பெயர்கள் அவை. அதே காங்கோவில் அதே ஆண்டுகளில் செத்த காங்கோ மக்களில் ஒருவர் பெயர்கூட அந்தச் சுவரில் இல்லை.

நான் போன அன்று காலையில் வானம் மூட்டமாக இருந்தது. பதினொரு மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது. எதிர்ப்பக்கச் சன்னல் கண்ணாடிகளில் இருந்த எழுத்துகள் நிழலாக விழுந்து, அந்த 1508 பெயர்களின் மேல் படிந்தன. ஃப்ரெடி சிம்பா என்ற காங்கோ கலைஞர் செய்த வேலை அது. நிழலில் தெரிந்தவை ஏழு காங்கோக்காரர்களின் பெயர்கள். அவர்கள் யார் என்று பின்னால் சொல்கிறேன்.

என் தங்கை மகள் பெல்ஜியத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியவர், எண்பது வயது தாண்டியவர். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அலமாரியில் தந்தத்தில் செதுக்கிய சிறிய யானை ஒன்று இருந்தது. அவருடைய பெரியப்பா காங்கோவில் மருத்துவராக இருந்தாராம். "அவர் தூக்க நோய்க்கு ஊசி போட்டு எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தார். சாலை போட்டோம், பள்ளிக்கூடம் கட்டினோம். இப்போது என் பேத்தி வந்து, 'தாத்தா, அந்த யானையை எடுத்து உள்ளே வையுங்கள்' என்கிறாள்," என்றார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. தன்னைத் தூக்கி வளர்த்த ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. பெல்ஜியத்தில் காங்கோவைப் பற்றிய பேச்சு பல வீடுகளில் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

ஆனால் அந்தப் பெரியப்பா நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே அல்ல. அவரை அங்கே அனுப்பிய ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

1885இல் காங்கோ பெல்ஜிய நாட்டின் காலனியாக இருக்கவில்லை. மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கு மேல் பெரிய நாடு ஒரே ஒரு மனிதர் பெயரில். அவர் ஒரு நாள்கூட அங்கே காலடி வைத்ததில்லை. சைக்கிளுக்கும் காருக்கும் டயர் செய்ய ஐரோப்பா ரப்பர் கேட்டது. காங்கோக் காட்டுக் கொடிகளில் ரப்பர் இருந்தது. ஊருக்கு இவ்வளவு என்று கணக்கு விதித்தார்கள். ஆண்கள் காட்டுக்குப் போகவில்லையென்றால் பெண்களைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். சிப்பாய்க்குக் கொடுத்த தோட்டா வேட்டையில் வீணாகவில்லை என்று காட்ட, சுட்ட ஆளின் வலது கையை வெட்டிக் கொண்டுவந்து கணக்குக் கொடுக்க வேண்டும். வேட்டையில் தோட்டாவைச் செலவழித்தவன் உயிரோடிருக்கும் ஆளின் கையை வெட்டினான்.

1904இல் அலிஸ் ஹாரிஸ் என்ற கிறிஸ்தவ ஊழியர் பெண்மணி எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. நசாலா என்பவர் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே தரையில் அவருடைய சின்ன மகளின் கையும் பாதமும். அவர் அழவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்ற வாதம் என் காதில் ஏறுவதில்லை. ஏனென்றால் அந்தக் காலத்து மனிதர்களே அதைப் பொறுக்கவில்லை. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுத்தராக இருந்த மோரெல் என்பவர், காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் வந்து இறங்க, திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும் ஏறுவதைக் கணக்கில் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி கேஸ்மென்ட் நேரில் போய் அறிக்கை எழுதினார். உலகம் கூச்சல் போட்டதால்தான் 1908இல் மன்னர் காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைத்தார். ஒப்படைக்கும் முன் ஆவணங்களை நாள்கணக்கில் எரித்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான எண்ணிக்கை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காத நாடு. ஒரு கோடி வரை மதிப்பிட்டவர்கள் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு.

இவ்வளவும் 1908க்கு முன்பே வெளியே தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் பெல்ஜியத்துப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக வேறொரு கதையைப் படித்தார்கள். மறதி தானாக வரவில்லை, கல்லிலும் வெண்கலத்திலும் கட்டி எழுப்பினார்கள். பிரஸ்ஸல்ஸ் அரண்மனைக்குப் பின்னால் லியோபோல்ட் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலை 1926இல் வைத்தது. அதில் ஒரு பலகை: இந்தச் சிலைக்கான செம்பும் வெள்ளீயமும் காங்கோவிலிருந்து வந்தவை, காங்கோவின் கட்டாங்கா பகுதிச் சுரங்க நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. நன்றி சொல்லும் பலகையாகத்தான் அதை வைத்தார்கள். ஓஸ்டெண்ட் கடற்கரையில் இன்னொரு சிலை. அதில் காங்கோ மக்கள் மன்னரை நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்வதாக வடித்திருக்கிறார்கள். 2004இல் யாரோ அந்தக் காங்கோ உருவம் ஒன்றின் கையை அறுத்து எடுத்துவிட்டார்கள். கை இல்லாத சிலை ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. சிலையை உடைப்பதை நான் ஆதரிக்கிறவன் அல்ல. ஆனாலும் அந்தச் சிலை முதன்முதலாக உண்மையைச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

1960 ஜூன் 30, காங்கோ விடுதலை நாள். விழா மேடையில் அன்றைய பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் மேதைமையைப் புகழ்ந்தார். எழுந்து பதில் சொன்னார் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா. நாங்கள் கறுப்பர்கள் என்பதற்காகக் காலையும் மதியமும் இரவும் ஏச்சும் அடியும் வாங்கினோம் என்று மன்னர் முகத்துக்கு நேரே சொன்னார். ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1961 ஜனவரி 17 அன்று கட்டாங்காவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒருவர் உடலை அமிலத்தில் கரைத்தார். ஒரு பல்லை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தப் பல் 2022 ஜூனில்தான் குடும்பத்தாரிடம் வந்தது. அந்த ஒரு பல்லைச் சவப்பெட்டியில் வைத்து, காங்கோ முழுக்க ஊர்வலமாகக் கொண்டுபோய், கின்ஷாசாவில் அடக்கம் செய்தார்கள்.

இனி, இன்றைய நிலைக்கு வருகிறேன். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பின் பெல்ஜியத்தில் லியோபோல்ட் சிலைகள்மேல் சிவப்புச் சாயம் விழுந்தது. ஆன்ட்வெர்ப்பில் ஒரு சிலையை அகற்றினார்கள். அந்த ஜூன் 30 அன்று மன்னர் பிலிப் காங்கோ அதிபருக்குக் கடிதம் எழுதினார். 2022இல் கின்ஷாசாவுக்கே போனார். இரண்டு முறையும் அவர் சொன்னது "ஆழ்ந்த வருத்தம்". மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.

நம் ஊரில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் "கேள்விப்பட்டு வருத்தமாயிருச்சு" என்போம். நம் கையால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் "மன்னிச்சுக்குங்க" என்போம். முதல் சொல்லை வழிப்போக்கர்கூடச் சொல்லலாம். இரண்டாவதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். பெல்ஜிய நாடாளுமன்றம் இதற்காகவே ஒரு குழு அமைத்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து பேசி, 2022 டிசம்பரில் மன்னிப்பு என்ற ஒரு சொல்லில் உடன்பாடு வராமல் கலைந்தது. மன்னிப்புக் கேட்டால் நஷ்டஈடு கேட்டு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒரு பெரிய காரணம். லுமும்பா கொலைக்காக 2002இல் மன்னிப்புக் கேட்டார்கள். வெள்ளைத் தகப்பனுக்கும் காங்கோத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளைப் பிரித்ததற்காக 2019இல் கேட்டார்கள். மொத்தத்துக்கும் சேர்த்துக் கேட்கத்தான் நா எழவில்லை.

மன்னர் கின்ஷாசா போனபோது, காங்கோவின் சூக்கு இனத்தாரின் ககுங்கு என்ற பெரிய முகமூடியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது கடனாகக் கொடுத்தது, திருப்பிக் கொடுத்தது அல்ல. அவர்களுடைய பொருளையே அவர்களுக்குக் கடனாகக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் என் மனசு ஆறவில்லை.

அந்தக் கலப்புப் பிள்ளைகள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு வயதுக்குள் தாயிடமிருந்து பிடுங்கி, கன்னியர் மடத்தில் போட்டார்கள். பெயரை மாற்றினார்கள். அவர்களில் ஐந்து பெண்கள், எழுபது வயதுக்கு மேல், பெல்ஜிய அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றத்தில் தோற்றார்கள். விடவில்லை. 2024 டிசம்பர் 2 அன்று பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. ஆளுக்கு 50,000 யூரோ இழப்பீடு. நாடாளுமன்றம் சொல்லத் தயங்கியதை இந்தப் பாட்டிகள் நீதிமன்றத்தின் வாயால் சொல்ல வைத்துவிட்டார்கள். பெல்ஜியர்களின் மனம் மாறிவருகிறது என்றால், அதை மாற்றுகிறவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். பிரஸ்ஸல்ஸில் காங்கோ வம்சாவளியினர் கூடும் மட்டோங்கே பகுதியில் ஒரு சதுக்கத்துக்கு லுமும்பாவின் பெயர் வைக்க அவர்கள் எத்தனையோ ஆண்டு கேட்டு நின்றார்கள். 2018இல்தான் கிடைத்தது.

சரி, அந்த ஏழு பேர். 1897இல் பிரஸ்ஸல்ஸில் உலகக் கண்காட்சி நடந்தது. டெர்வூரென் பூங்காவில் குடிசைகள் போட்டு, காங்கோவிலிருந்து 267 பேரைக் கொண்டுவந்து வேடிக்கைப் பொருளாக வைத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். தின்பண்டம் எறிந்தார்கள். அதைத் தடுக்க, இவர்களுக்கு ஏற்பாட்டுக் குழுவே உணவளிக்கிறது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அந்த ஆண்டு கோடை குளிரும் மழையுமாகப் போனது. ஏழு பேர் காய்ச்சலில் செத்தார்கள். டெர்வூரென் தேவாலயத்தின் ஓரத்தில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். சின்னச் சின்னக் கல், மேலே பாசி.

வெயில் இருந்தால்தான் அவர்கள் பெயர் சுவரில் தெரிகிறது. வானொலிக்கு வெயில் வேண்டியதில்லை. அந்தப் பெயர்களை இங்கே ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன்.

எக்கியா. கெம்பா. கிடுக்வா. ம்பெயா. ஸாவோ. சம்பா. மிபாங்கே.

வணக்கம்.