பகுதி நேர வீரர்களின் மேலாளர்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்துக் கால்பந்து என்றதும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆகிய கிளாஸ்கோ கழகங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்நாட்டு லீக்கின் நான்கு பிரிவுகளிலும் சேர்த்து 42 கழகங்கள் உள்ளன. அவற்றுள் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பலவற்றின் வீரர்கள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அத்தகைய கழகங்களில் ஆடி, அத்தகைய கழகங்களிலேயே மேலாளராகவும் பெயர் பெற்றவர் டிக் கேம்பெல்.

1953-இல் பிறந்த இவருக்கு இயன் என்ற இரட்டைச் சகோதரர் உண்டு. ஆட்டக்காரர் என்ற அளவில் இயனுக்கே புகழ் அதிகம். பிரெச்சின் சிட்டி கழகத்துக்காக மிக அதிகக் கோல்கள் அடித்தவர் அவர்தான். பின்னாளில் அண்ணன் தம்பி இருவரும் மேலாளரும் துணை மேலாளருமாகப் பல கழகங்களில் சேர்ந்தே பணியாற்றினர்.

பிரெச்சினை 2002, 2003 என அடுத்தடுத்த ஆண்டுகளில் மேல்பிரிவுகளுக்கு ஏற்றிய டிக், 2006-இல் பார்ட்டிக் திசிலையும் உயர்த்தினார். ராஸ் கவுண்டி கழகத்தில் சில மாதங்களே இருந்தார். ஃபார்ஃபர் கழகத்தில் இருந்தபோது, 2013 ஆகஸ்டில், லீக் கோப்பை ஆட்டத்தில் ரேஞ்சர்ஸைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றார். நிதி நெருக்கடியால் கீழே தள்ளப்பட்ட ரேஞ்சர்ஸ் அப்போது ஃபார்ஃபர் ஆடிய அதே பிரிவில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இரு கழகங்களின் சம்பளப் பட்டியலுக்கும் ஒப்பீடே கிடையாது.

2016-இல் அவர் அர்ப்ரோத் ஊரின் கழகத்துக்கு வந்தார். வட கடலை ஒட்டியே அமைந்துள்ள கேஃபீல்டு மைதானத்தில், காற்று வலுத்தால் கோல் காப்பாளர் உயர அடித்த பந்து அவரை நோக்கியே திரும்பி வரும். அங்கே 2017-இல் நான்காம் பிரிவுப் பட்டத்தையும், 2019-இல் மூன்றாம் பிரிவுப் பட்டத்தையும் வென்றார். வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் கிடைக்கும் பயிற்சியில் புதிதாகக் கற்றுக்கொடுப்பதற்கு நேரமில்லை; ஆகவே அவருடைய திறமை, பகுதி நேர ஆட்டத்துக்குப் பொருந்தும் ஆட்களைக் கண்டறிந்து, அவர்களைப் பல ஆண்டுகள் கலையாமல் வைத்திருந்ததில்தான் இருந்தது என்பது என் கணிப்பு. அந்த அணியில் பெயர் பெற்ற பாபி லின், பகலில் குப்பை வண்டியில் பணியாற்றியவர்.

2021-22 பருவத்தில் இரண்டாம் பிரிவில் முழு நேரக் கழகங்களைப் பின்தள்ளி, பருவத்தின் பெரும்பகுதி பட்டத்துக்கான போட்டியில் அர்ப்ரோத் நின்றது. 1975-க்குப் பின் முதல் பிரிவைக் காணாத ஊர் அது. 2022 ஏப்ரல் 22 அன்று, பட்டத்துக்குப் போட்டியிட்ட கில்மார்னக் கழகத்தை அதன் மைதானத்தில் எதிர்கொண்டு, முதலில் முன்னிலை பெற்றும், இறுதி நிமிடங்களில் 2-1 எனத் தோற்றுப் பட்டத்தை இழந்தது. கில்மார்னக் 67 புள்ளிகள், அர்ப்ரோத் 65. அடுத்து வந்த, முதல் பிரிவுக்கு உயர இன்னொரு வாய்ப்பளிக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில், ஒன்பது பேராகக் குறைந்துவிட்ட இன்வர்னஸ் அணியைக்கூட வீழ்த்த முடியாமல் பெனால்டி உதைகளில் வெளியேறியது. இரண்டு தோல்விகளில் இதுவே பெரிது என்பேன். கில்மார்னக்கிடம் தோற்றதற்கு முழு நேரப் பயிற்சியைக் காரணம் காட்டலாம், ஒன்பது பேரிடம் தோற்றதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

முன்னணி வீரர்கள் வயதாகி விலக, ஆட்டம் தளர்ந்தது. 2023 நவம்பரில் கேம்பெல் பொறுப்பிலிருந்து நீங்கினார். பருவ முடிவில் அணியும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அவரோ, 70 வயதில், ஈஸ்ட் ஃபைஃப் என்னும் மற்றொரு சிறு கழகத்தின் மேலாளராக வேலையைத் தொடர்ந்தார். நன்றி, வணக்கம்.