தட்டு தெரியணும்: டிஸ்டோபியா நாவலும் தோள்சீலையும்

(காட்சி: நீலம், பச்சை, சிவப்பு அங்கிகள்)

மார்கரெட் அட்வுட் 1985-ல எழுதின 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' ஒரு டிஸ்டோபியா நாவல், அதாவது கொடுங்கோல் ஆட்சி நடக்கற கற்பனை உலகத்துக் கதை. அதுல அதிகாரியோட மனைவிக்கு நீலம். வீட்டுவேலை செய்யறவளுக்குப் பச்சை. பிள்ளை பெத்துக் கொடுக்கறதுக்குன்னே பிடிச்சு வச்சிருக்கற பெண்ணுக்குச் சிவப்பு. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-லயே 'பிரேவ் நியூ வேர்ல்ட்'ல மேல்தட்டு ஆல்ஃபாவுக்குச் சாம்பல் நிறம், அடித்தட்டு எப்சிலனுக்குக் கறுப்புன்னு பிரிச்சுட்டார்.

தூரத்துல வரும்போதே ஆளு எந்தத் தட்டுன்னு தெரிஞ்சிடணும். அப்புறம் காவல்காரன் வேலையில பாதியை ஊர்க்காரனே பாத்துக்குவான்.

நாகர்கோவில்காரங்களுக்கு இது புதுசா என்ன?

(காட்சி: திருவிதாங்கூர் வரைபடம், கல்குளம், இரணியல்)

இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யமா இருந்த காலம். நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோள்சீலை, அதாவது மாரை மூடித் தோள்ல போடற மேல்துணி, போடக்கூடாது. கிறிஸ்தவத்துக்கு மாறினவங்க குப்பாயம்ங்கற மேல்சட்டை போட்டாங்க, மேல்சாதிக்காரங்க அதைச் சந்தையில வச்சுக் கிழிச்சாங்க. 1820-கள்ல கலவரம், 1858, 59-ல மறுபடியும். துணிக்கு அடியில கிடந்த விஷயம் வேற: கூலியில்லாத ஊழியம், ஆளுக்கு ஆள் வரி. எவனை வேலைக்கு இழுக்கலாம்னு உடம்பைப் பாத்தாலே தெரியணும், அவ்வளவுதான்.

1859 ஜூலை 26-ல மகாராஜா உத்திரம் திருநாள் அறிக்கை விட்டார். நாடார் பெண்கள் எல்லாரும் கிறிஸ்தவப் பெண்கள் மாதிரி குப்பாயம் போடலாம். முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள், அதாவது மீனவப் பெண்கள் மாதிரி கட்டிக்கலாம். எப்படி வேணும்னாலும் மாரை மூடலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது! துணியோட முரடு வரைக்கும் அரசாங்கம் யோசிச்சிருக்கு பாருங்க. எந்த நாவலாசிரியருக்கும் இது தோணியிருக்காது. கொடுக்கற மாதிரி கொடுத்து, சாதிக்கு நடுவுல கிழிச்ச கோட்டை அப்படியே விட்டு வைக்கறது.

(காட்சி: சாமித்தோப்பு பதி)

அதுக்கு முன்னாடியே, சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிட்டுக் கும்பிடுங்கன்னார். ஒடுக்கப்பட்டவன் தலையில துணி ஏறக்கூடாதுன்னு இருந்த ஊர்ல! அரசாங்கம் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில போட்டுச்சு.

இந்த வகை நாவல்கள்கிட்ட எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எதிர்க்கறவன் பெரும்பாலும் ஒத்தை ஆளு. ஹக்ஸ்லியோட ஜான் தூக்குல தொங்கறான். ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984'-ல வின்ஸ்டன் உடைஞ்சு போறான். நம்பிக்கை இருந்தா அது ப்ரோல்கள்கிட்ட, அதாவது அடித்தட்டு உழைக்கற ஜனங்ககிட்டதான்னு டைரியில எழுதறவன் அவன். மக்கள்தொகையில 85 சதவீதம் அவங்க. ஒரு நாள் தெருவுல பெருங்கூச்சல் கேட்டு, கிளம்பிட்டாங்கன்னு ஓடிப் பாக்கறான். சந்தையில தகரச் சட்டிக்காகப் பெண்கள் அடிச்சுக்கறாங்க. உருப்படியான எதுக்காவது இப்படிக் கத்தக்கூடாதான்னு நினைச்சுக்கறான்.

இங்கேயும் பெண்கள், இங்கேயும் சந்தை. கிழிச்சாங்க, மறுபடி போட்டுட்டு வந்தாங்க. நாப்பது வருஷத்துக்குக் கிட்ட.