ஆட்டோ வீரா இனிமே மேனுவல்: போர்ச்சுல ஆறு நாள்

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? மைக்கை சட்டையில மாட்டியிருக்கேன், சட்டை பூரா எண்ணெய், வழுக்கி வழுக்கி விழுது. பின்னாடி நிக்குதே, அதான் எங்கப்பா காடி. புரோட்டோன் வீரா கார், 1.5, 1999-ல எடுத்தது. போன வாரம் வரைக்கும் ஆட்டோ கியர். இன்னைக்கு மேனுவல், மூணு பெடல்.

ஏன் இந்த வேலைன்னு முதல்ல சொல்லிடுறேன். கிள்ளான்ல இருந்து கேஎல், கோலாலம்பூர் போற வழியில ஜேம்ல நின்னு நின்னு போனா, கியர்பாக்ஸ் சூடாகி வழுக்க ஆரம்பிச்சிரும். எண்ணெய் பெடலை (ஆக்ஸிலரேட்டர்) மிதிச்சா எஞ்சின் மட்டும் கத்தும், காடி நகராது. ரிவர்ஸ் போட்டா ரெண்டு செகண்ட் யோசிச்சிட்டுதான் பின்னாடி வரும். ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெய், அதோட டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய எண்ணெய், கோப்பி ஓ மாதிரி கறுப்பா இருக்கு, மோந்து பார்த்தா தீஞ்ச வாடை. உள்ள கிளட்ச் பிளேட்டெல்லாம் கருகிடுச்சுன்னு அர்த்தம். எங்க ஏரியா ஃபோர்மன், மெக்கானிக்தான், ரீகண்டிஷன் ஆட்டோ பாக்ஸ் போட 2,200 வெள்ளி, அதாவது ரிங்கிட்னாரு. அந்தக் காடிய வித்தாலே அவ்வளவு வருமான்னு தெரியல லா. அப்பா விக்கவும் விட மாட்டாரு.

அப்பதான் மேனுவலா மாத்திரலாம்னு முடிவு பண்ணேன். வீராவுக்கு இது புதுசு இல்ல. 1993-ல வந்த காடி, அடியில மிட்சுபிஷி லான்சர். 2009 வரைக்கும் செஞ்சாங்க, ரோடு பூரா ஓடுது. அதனால பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற பொத்தோங் கடைக்குப் போனா சாமான் கிடைக்கும். ஆட்டோவும் மேனுவலும் ஒரே பாடிதான்.

இங்கதான் நான் ஒண்ணை அடிச்சுச் சொல்வேன். சாமான் எல்லாத்தையும் ஒரே காடியில இருந்து எடுங்க. கியர்பாக்ஸ் ஒரு கடை, பெடல் இன்னொரு கடைன்னு அலைஞ்சா செத்தோம். நான் கடை முதலாளி தவுக்கேகிட்ட போயி, "பாஸ், வெட்டாத மேனுவல் வீரா ஏதாச்சும் இருக்கா?"ன்னேன். மூலையில ஒண்ணு காட்டினாரு, முன்பக்கம் நல்லா இருக்கு, பின்பக்கம் லோரி இடிச்சு நசுங்கியிருக்கு. நமக்கு பின்பக்கம் எதுக்கு? கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், பெடல் செட், கியர் லிவர், அதோட ரெண்டு கேபிள், ரெண்டு ட்ரைவ்ஷாஃப்ட், மவுண்டிங் பிராக்கெட், ஸ்டார்ட்டர், எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் இசியூ, கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற வயர் சாக்கெட் வரைக்கும், எல்லாம் சேர்த்து 750 வெள்ளி. போல்ட் நட்டையும் ஒரு மைலோ டின்ல போட்டுக் கொடுத்தாரு. அந்த டின்தான் என்னைக் காப்பாத்துச்சு, பின்னாடி சொல்றேன்.

எஞ்சின் நம்பரைப் பார்த்து வாங்குங்க. என்னோடது 4ஜி15. 1.6-ல வர்ற 4ஜி92-வோட கியர்பாக்ஸ் இதுல நேரா உட்காராது. கடையில "எல்லாம் சேம் சேம்"னு சொல்வாங்க.

சரி, கழட்டுறது. இதை வேகமா சொல்லிடுறேன், ஏன்னா கழட்டுறது யார் வேணும்னாலும் கழட்டலாம். பேட்டரி நெகட்டிவ் முதல்ல. பேட்டரி, அதோட தட்டு, ஏர் ஃபில்டர் பாக்ஸ் எல்லாம் வெளியே. கேபிள், சாக்கெட், ஸ்பீடோ மீட்டர் கேபிள். ஏடிஎஃப்-ஐ வடிச்சிருங்க. முன்னாடி ரெண்டு டயரையும் கழட்டி, லோவர் ஆர்ம் பால் ஜாயிண்டை விட்டு, ட்ரைவ்ஷாஃப்ட்டை நெம்பி எடுத்தாச்சு. எஞ்சினுக்கு அடியில பலகை வச்சு ஜாக்கி முட்டு. காடி மட்டும் ஜாக்கி மேல நிக்கக் கூடாது, ஸ்டாண்டு போடுங்க. ஸ்டாண்டு இல்லனா வாங்கிட்டு அப்புறம் ஆரம்பிங்க. அடியில படுக்கப் போறது நீங்க.

ஒண்ணு மட்டும் கவனம். எஞ்சினையும் ஆட்டோ பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் போல்ட்டை மறக்காம முதல்லயே கழட்டணும். சின்ன ஓட்டை வழியா ஒரு போல்ட்தான் தெரியும். கிராங்க் புல்லியில ரேச்சட் போட்டுத் திருப்பினா அடுத்த போல்ட் வரும். எல்லாம் கழண்டதும் கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் பக்கம் தள்ளி வச்சு, ரெண்டையும் சேர்த்தே இறக்கணும். அது பாட்டுக்கு கழண்டு விழுந்தா உள்ள இருக்கிற எண்ணெய் மொத்தமும் முகத்துலதான்.

கியர்பாக்ஸ் போல்ட் எல்லாம் ஒரே நீளம் இல்ல. நான் ஒரு அட்டைப் பெட்டியில கியர்பாக்ஸ் வாய் மாதிரி வட்டம் வரைஞ்சு, எந்த இடத்துல கழட்டினேனோ அந்த இடத்துல குத்தி வச்சேன். இதோ, இன்னும் இங்க கிடக்கு. ஆட்டோ பாக்ஸை நானும் மச்சானும் இறக்கினோம். என்னா கனம்! மேனுவல் பாக்ஸை நான் ஒருத்தனே மடியில வச்சுத் தூக்கிட்டேன்.

இப்ப முக்கியமான இடம். ஆட்டோ எடுத்ததும் எஞ்சின் பின்னாடி மெல்லிசா ஒரு பல்லு வச்ச தகடு தெரியும், அதான் ஃப்ளெக்ஸ் பிளேட். அதை எடுத்துட்டு கனமான ஃப்ளைவீல் போடணும். நான் ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட்டையே எடுத்து ஃப்ளைவீல்ல போடப் போனேன், நீளம் சேரல. அப்பதான் மைலோ டின். கொட்டிப் பார்த்தா தவுக்கே சரியான போல்ட்டைப் போட்டு வச்சிருக்காரு. ஃப்ளைவீலை மிஷின் கடையில கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினேன், 40 வெள்ளி. கிளட்ச் செட் புதுசு, 280. பழைய கிளட்ச்சைப் போடாதீங்க. அதை மாத்த மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும்.

நான் எப்படியும் மறுபடி இறக்கத்தான் இறக்கினேன். சிரிக்காதீங்க.

நாலாவது நாள் சாயங்காலம். எல்லாம் ஏத்தியாச்சு, கேபிள் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை அடி வரைக்கும் மிதிச்சு, ஒண்ணாவது கியர் போடுறேன். க்ர்ர்ர்ர். போகல. எஞ்சினை அணைச்சா வெண்ணெய் மாதிரி போகுது, ஓடும்போது போக மாட்டேங்குது. கேபிள் லூஸுன்னு நினைச்சு, அட்ஜஸ்ட் நட்டை கடைசி மரை வரைக்கும் திருகினேன். அதே க்ர்ர்ர். மழை வேற. போர்ச்சுல உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் போன்ல நானே எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். பாருங்க, இதான் அந்த இடம். கிளட்ச் டிஸ்க்குக்கு நடுவுல ஸ்பிரிங் வச்ச பகுதி ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். அந்தப் பக்கம், டிஸ்க்கை ஃப்ளைவீலோட அழுத்துற பிரஷர் பிளேட்டைப் பார்க்கணும். நான் ஃப்ளைவீலைப் பார்த்து மாட்டியிருக்கேன். டிஸ்க்லயே "ஃப்ளைவீல் சைடு"ன்னு எழுத்து அடிச்சிருக்கு, அதையும் படிச்சிட்டுதான் மாட்டினேன்னு நினைக்கிறேன். திருப்பி இறக்கிப் பார்த்தப்ப, ஃப்ளைவீல் போல்ட் தலையெல்லாம் உரசி பளபளன்னு இருக்கு. மிதிச்சாலும் டிஸ்க் விடுபட வழியே இல்ல. ஒரு நாள் போச்சு.

டிஸ்க்கை நடுவுல நிறுத்துறதுக்கு பிளாஸ்டிக் டூல் கிளட்ச் செட்டோட வரும். எனக்கு வந்த டூல் லொடலொடன்னு இருந்துச்சு. ஒரு சாக்கெட் எக்ஸ்டென்ஷன்ல வயரிங் டேப்பைச் சுத்திச் சுத்தி, சரியான தடிமன் வந்ததும் உள்ள விட்டேன். ரெண்டாவது தடவை கியர்பாக்ஸ் சளக்னு ஏறிருச்சு. போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்காதீங்க. கையால ஆட்டினா உட்காரணும், இல்லனா எங்கயோ தப்பு.

பெடல். இதுதான் எனக்கு உயிரை எடுத்த வேலை. ஆட்டோவுல பிரேக் பெடல் அகலமா இருக்கும், அதைக் கழட்டிட்டு ரெண்டு பெடல் உள்ள செட்டை மாட்டணும். டிரைவர் சீட்டைக் கழட்டி, தலை கீழ, கால் மேல வச்சு டேஷ்போர்டுக்கு அடியில படுத்துக்கிட்டு, ஒரு நட்டுக்கு அரை மணி நேரம். தங்கச்சி டார்ச் பிடிச்சா. அவ பாதி நேரம் போனைப் பார்த்துக்கிட்டு டார்ச்சை என் கண்ணுல அடிச்சா. கிளட்ச் கேபிள் வர்ற ஓட்டை என் காடியில ஏற்கனவே இருந்துச்சு, ஒரு சின்ன தகடு வச்சு மூடியிருந்தாங்க. கார்பெட்டைத் தூக்கினாதான் தெரியும். டிரில்லைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி அதைத் தேடுங்க.

அடுத்து வயரிங். எல்லாம் மாட்டி கீயைத் திருப்பினா, "டக்"குன்னுகூட சத்தம் இல்ல. பயந்துடாதீங்க. ஆட்டோ காடி பி-லயோ (பார்க்) என்-லயோ (நியூட்ரல்) இருந்தாதான் ஸ்டார்ட் ஆகும், தெரியும்ல? அதைப் பார்த்துக்கிறது கியர்பாக்ஸ் மேல இருந்த இன்ஹிபிட்டர் சுவிட்ச். அது இப்ப இல்ல, ஸ்டார்ட்டர் வயர் பாதியில நிக்குது. எந்த ரெண்டு வயரை இணைக்கணும்னு ஊகிக்காதீங்க. இங்க வாங்க, கேமராவைக் கீழ கொண்டு வர்றேன். இது கழட்டின ஆட்டோ பாக்ஸ். மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வச்சு, சுவிட்ச் பின்ல வைக்கிறேன். இந்த லிவரைக் கையால தள்ளுறேன். பி... கேக்குதா? ஆர்... இல்ல. என்... மறுபடி பீப். பி-க்கும் என்-க்கும் மட்டும் கத்துற இந்த ரெண்டு பின்தான் ஸ்டார்ட்டர். இதுக்குப் போற ரெண்டு வயரை ஒண்ணா சேர்த்து, ஈயம் வச்சு மூடிட்டேன். ஆர்-க்கு மட்டும் கத்துறது ரிவர்ஸ் லைட். அந்த ரெண்டு வயரையும் புது பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் சுவிட்ச்சுக்கு இழுத்துட்டேன். ஆனா இப்ப காடி கியர்ல இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், பாய்ஞ்சிரும். அப்பாவுக்கு நாலு தடவை சொல்லியாச்சு, கிளட்ச் மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்கன்னு.

ரேடியேட்டர் அடித்தொட்டியில ஏடிஎஃப் குளிர வர்ற ரெண்டு குழாய் சும்மா தொங்கும். ஒரு ஹோஸ் போட்டு ரெண்டையும் இணைச்சு கிளிப் போட்டேன்.

இசியூ மாத்தாமலும் ஓட்டுறாங்க. நான் முதல்ல பழைய ஆட்டோ இசியூலயே ஓட்டிப் பார்த்தேன், சிக்னல்ல நிக்கும்போது ஐடில் ஏறி ஏறி இறங்குச்சு. மேனுவல் இசியூ போட்டதும் நின்னுருச்சு. அதான் சொன்னேன், எல்லாம் ஒரே காடியில இருந்து.

கியர் ஆயில் ஜிஎல்-4, 75டபிள்யூ-90. மூணு போத்தல், 75 வெள்ளி. பக்கவாட்டு ஓட்டை வழியா ஊத்தி, அதே ஓட்டையில வழிஞ்சா போதும். பாட்டில்ல ஜிஎல்-5 மட்டும்னு போட்டிருந்தா வேணாம், கியர் மாறும்போது வேகத்தைச் சமன் பண்ற பித்தளை சிங்க்ரோ உள்ள இருக்கு, அதுக்கு ஒத்துக்காது. கிளட்ச் கேபிள், ட்ரைவ்ஷாஃப்ட் ஆயில் சீல், சில்லறை சாமான் 55. சீல் ரெண்டு பக்கமும் மாத்துங்க. நான் இடது பக்கம் மட்டும்தான் மாத்தினேன், கடையில ஒண்ணுதான் இருந்துச்சு, வலது பக்கம் பார்க்க நல்லாதான் இருந்துச்சு. ஆக மொத்தம் 1,200 வெள்ளி. ஃபோர்மன் சொன்னதுல 1,000 மிச்சம், ஆனா ஆறு நாளு, அதுல ஒரு நாள் என் முட்டாள்தனத்துக்கு.

ஓட்டிப் பார்த்தீங்களான்னு கேப்பீங்க. நேத்து காலையில ஆள் இல்லாதப்ப ஃபெடரல் ஹைவேல போனேன். மூணாவது கியர்ல இழுத்தா அப்பாவோட வீராதானான்னு சந்தேகம் வந்துருச்சு, அவ்வளவு லேசா போகுது. அதே ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பினேன். இடது முட்டி இன்னும் வலிக்குது. அதையும் சொல்லணும்ல.

இன்னொண்ணு, தங்கச்சிகிட்ட இருக்கிறது டிஏ லைசன். ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம். ஆறு நாள் டார்ச் பிடிச்சவ இப்ப இந்தக் காடிய ஓட்ட முடியாது. அதை அவ ஆறாவது நாள்தான் கண்டுபிடிச்சா. பேச மாட்டேங்குறா. உங்க வீட்டுல யார்கிட்ட என்ன லைசன் இருக்குன்னு முதல்ல பார்த்துக்குங்க. அப்படியே இன்சூரன்ஸ் ஏஜெண்ட்கிட்டயும் மாத்தின விஷயத்தைச் சொல்லிடுங்க.

சரி, அடியில ஒரு தடவை காட்டிட்டு முடிச்சிடுறேன். கேமரா... இருங்க. இது பிராக்கெட், இது கிளட்ச் கேபிள் வர்ற இடம், இது... என்ன இது? சிமெண்டுல ஒரு சொட்டு. மழைத்தண்ணியா? இல்ல, வழுவழுன்னு இருக்கு. ரோஸ் கலர் இல்ல, அதனால மிச்சம் இருந்த ஏடிஎஃப் இல்ல. மோந்து பார்க்கிறேன்... கந்தக வாடை. கியர் ஆயில்.

வலது பக்கம்.

கடை மூட இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. தங்கச்சீ, அந்த டார்ச்சை எடு.