ஆளில்லாத சுரங்கம்: செர்ன் ஆய்வுக்கூடத்தில் உயிர்க்காப்பு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பெரிய அறிவியல் ஆய்வுக்கூடங்களைப் பற்றிப் பேசும்போது, அங்கே என்ன கண்டுபிடித்தார்கள் என்பதையே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அந்தக் கூடங்களுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் நலமாக மேலேறி வருவதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் எடுத்துக்கொள்வது ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லையின் இருபுறமும் பரந்துள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம்.

அங்கே நிலத்தடியில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் பெரும் ஹாட்ரான் மோதுவி இயங்குகிறது. புரோட்டான் போன்ற அணுத்துகள்களை மிக வேகமாகச் செலுத்தி ஒன்றோடொன்று மோதவிடும் இயந்திரம் அது. புரோட்டான்களை வளைத்துச் செலுத்துவதற்காக, ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் கொண்ட 1,232 மீக்கடத்திக் காந்தங்கள், அதாவது கடுங்குளிரில் மின்தடையின்றி மின்னோட்டத்தைச் சுமக்கும் காந்தங்கள், அதில் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டுள்ளன. அவற்றை 1.9 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்க 100 டன்னுக்கும் மேற்பட்ட ஹீலியம் தேவைப்படுகிறது.

இந்த மோதுவியில் முதன்முதலாகப் புரோட்டான் கற்றை, அதாவது புரோட்டான்களின் மெல்லிய ஓடை, சுற்றிவந்தது 2008 செப்டம்பர் 10 அன்று. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 முற்பகலில், சுரங்கத்தின் ஒரு பகுதியில் காந்தங்களின் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 8,700 ஆம்பியரை எட்டியபோது, இரண்டு காந்தங்களுக்கிடையே பற்றவைக்கப்பட்டிருந்த ஒரு மின்னிணைப்பு சூடேறி அற்றுப்போனது. அங்கே மூண்ட மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் கடும் மின்பொறி, ஹீலியம் இருந்த கலத்தின் சுவரைத் துளைத்தது. பாய்ந்து வெளியேறிய ஹீலியம் ஆவியாகி விரிந்து, காந்தங்களைச் சூழ்ந்துள்ள வெற்றிட உறைக்குள் அழுத்தத்தை ஏற்றி, அத்தனை எடையுள்ள காந்தங்களையே இருந்த இடத்திலிருந்து பெயர்த்துத் தள்ளியது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறிவிட்டது. பழுதுபார்ப்பதற்காக 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. மீண்டும் கற்றை சுற்றியது 2009 நவம்பரில்தான்.

ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. சோதனை நடக்கும்போது சுரங்கத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. அதன்படியே யாரும் இருக்கவில்லை.

இதை நற்பேறு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் இதுதான். வெற்றிட உறையில் அமைந்திருந்த அழுத்தத் தணிப்பு வால்வுகளை வடிவமைத்தபோது, மிக மோசமான விபத்திலும் வினாடிக்கு 2 கிலோகிராம் ஹீலியம்தான் வெளியேறும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். அன்று வெளியேறியதோ வினாடிக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம். உலகின் தேர்ந்த பொறியாளர்கள் போட்ட கணக்கு பத்து மடங்கு பிசகியது. அந்தக் கணக்கை நம்பி நின்ற இயந்திரம் சேதமடைந்தது. மனிதர்களின் உயிரோ அந்தக் கணக்கை நம்பி நிற்கவில்லை. எவ்வளவு ஹீலியம் வெளியேறினாலும், எந்தக் காந்தம் எங்கே நகர்ந்தாலும், ஆளில்லாத சுரங்கத்தில் ஆளுக்கு ஆபத்து நேராது. பெரிய ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: நம்முடைய கணிப்பு தவறினாலும் உயிர் தப்பும்படி விதி அமைந்திருக்கிறதா?

விதியை ஏட்டில் எழுதிவிடுவது எளிது. 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஒருவர்கூட எஞ்சியிருக்கவில்லை என்று எப்படி உறுதி செய்வது? நீண்ட நிறுத்தத்துக்குப் பின் சுரங்கத்தை மூடுமுன், அதற்கென்று நியமிக்கப்பட்ட குழுவினர் பகுதி பகுதியாக நடந்து, மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்த்து, ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வருகிறார்கள். அதன்பின் சிறு வேலைக்காக யாரேனும் உள்ளே போக வேண்டுமானால், நுழைவாயிலில் தமக்கென ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணின் கருவிழிப் படலத்தைக் கருவி சரிபார்த்த பிறகே கதவு திறக்கும். அந்தச் சாவி திரும்பி வந்து அதன் இடத்தில் பொருந்தும்வரை மோதுவியில் கற்றையைச் செலுத்த இயலாது. யாரேனும் ஒருவர் முறைமீறி ஒரு கதவைத் திறந்துவிட்டால், அந்தப் பகுதியில் தேடல் செல்லாததாகிவிடும். மறுபடி நடந்து தேட வேண்டும். ஆயிரக்கணக்கான இயற்பியலாளர்கள் தரவுக்காகக் காத்திருக்கும் வேளையில் மணிக்கணக்கில் நேரம் போகும். அந்த இழப்பை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும் கூடத்தில்தான் விதி உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரத்தைக் காப்பதற்கும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். வடிவமைப்பின்படி ஒவ்வொரு கற்றையும் ஏறத்தாழ 360 மெகாஜூல் ஆற்றலைச் சுமக்கிறது. சுமார் அரை டன் செம்பை உருக்க அது போதும். ஆகவே கற்றை சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமானால், எல்லாம் சரியாக உள்ளது என்ற சைகை பல கருவிகளிலிருந்தும் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு சைகை நின்றாலும், கம்பியே அறுந்து நின்றாலும், அடுத்த சில சுற்றுகளுக்குள், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில், கற்றை முழுவதும் வெளியே திருப்பப்பட்டுக் கிராஃபைட் பாளத்தில் அடங்கிவிடும். ஆபத்து இருப்பதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்து இல்லை என்பதைத்தான் ஒவ்வொரு கணமும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மோதல்களைப் பதிவுசெய்யும் கருவிகள் உள்ள நிலத்தடிச் சோதனைக் கூடங்களில் நிலைமை வேறு. பராமரிப்புக் காலத்தில் அங்கே ஆட்கள் இருந்தே ஆக வேண்டும். அட்லஸ் என்னும் சோதனையில் திரவ ஆர்கான் நிரப்பிய பெரிய கருவி உண்டு. ஹீலியம் கசிந்தால் மேலே எழும். ஆர்கான் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடங்களில் தேங்கும். இரண்டுக்கும் நிறமோ மணமோ இல்லை. இரண்டும் மூச்சுக் காற்றை விலக்கிவிடும். ஒரு கசிவில் குனிந்து போவது உதவும், மற்றொன்றில் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். இதையெல்லாம் அபாயச் சங்கு ஒலிக்கும் நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், உரிய பயிற்சியை முடித்ததாகப் பதிவாகியிருந்தால்தான் அவரவர் அடையாள அட்டைக்கு நுழைவாயில் கதவு திறக்கும். பேராசிரியரானாலும் முதலாண்டு ஆய்வு மாணவரானாலும் இதில் வேறுபாடு இல்லை.

இத்தகைய கூடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அட்லஸில் மட்டும் ஏறத்தாழ 3,000 அறிவியலாளர்கள் இணைந்துள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சம்பளம் தருவது அவரவர் நாட்டுப் பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ. சில மாதங்களே தங்கிப் போகிறவர்களும் உண்டு. இவர்களிடம் மேலதிகாரி என்ற முறையில் ஆணையிட்டு வேலை வாங்குவது எளிதன்று. அதனால் ஒவ்வொரு சோதனைக் குழுவும் தன்னுள்ளிருந்தே ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக அமர்த்துகிறது. கருவியை அறிந்தவர், குழுவினரோடு பழகுகிறவர் வந்து நிறுத்தச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு கூடுதல். ஆய்வுக்கூடத்துக்கெனத் தனித் தீயணைப்பு மீட்புப் படையும் இருக்கிறது.

2008க்குப் பிறகு பலவற்றைத் திருத்தினார்கள். உறைகளில் அழுத்தத் தணிப்பு வழிகளைக் கூட்டினார்கள்; இணைப்புகளின் மின்தடையைக் கண்காணிக்கும் புதிய அமைப்பைப் பொருத்தினார்கள்; காந்தங்களில் மின்னோட்டம் ஏற்றும்போது எந்தெந்த இடங்களில் ஆள் இருக்கலாம் என்ற விதிகளை இறுக்கினார்கள்; சுரங்கத்துக்குள் போகிறவர்கள் தப்பிக்க உதவும் மூச்சுக்கவசத்தையும் உடன் கொண்டுபோகச் செய்தார்கள். நான் பெரிதும் மதிப்பது வேறொரு முடிவை. ஆயிரக்கணக்கான இணைப்புகளையும் வலுப்படுத்தி முடிக்கும்வரை முழு ஆற்றலை எட்ட முயல்வதில்லை என்று தீர்மானித்து, 2010, 2011 ஆண்டுகளில் வடிவமைப்பில் பாதியளவான 3.5 டெரா எலெக்ட்ரான் வோல்ட் என்னும் ஆற்றல் அளவிலும், 2012இல் 4 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டிலும் கற்றையை இயக்கினார்கள். அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் போசான் என்னும் துகள் கண்டறியப்பட்டதாக 2012 ஜூலை 4 அன்று அறிவித்தார்களே, அது இப்படித் தணித்து இயக்கிய காலத்துத் தரவிலிருந்து கிடைத்ததுதான். அதன்பின் 2013 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மோதுவியை நிறுத்தி வைத்து, 10,000க்கும் மேற்பட்ட இணைப்புகளை வலுப்படுத்தினார்கள்.

இப்போது சுரங்கத்தின் கூரையில் பதித்த தண்டவாளத்தில் தொங்கியபடி ஓடும் கண்காணிப்பு ரோபோ ஒன்று, கேமராக்களோடும் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளோடும் சென்று, மனிதர் நடந்து பார்க்க வேண்டிய வேலைகள் சிலவற்றைச் செய்துவருகிறது. மோதுவியில் நிகழும் மோதல்களின் எண்ணிக்கை உயர உயரப் பாகங்களில் தங்கும் கதிரியக்கமும் கூடும் என்பதால், எந்த வேலைக்கு ஆளை அனுப்புவது, எதற்கு ரோபோவை அனுப்புவது, எத்தனை நாள் பொறுத்து அனுப்புவது என்பதையெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்பே அங்கே திட்டமிடுகிறார்கள்.

நன்றி, வணக்கம்.