தை மாதத்திலேயே அணைக்க வேண்டிய தீ

எல்லோருக்கும் வணக்கம். மலையேறும் ஆசையுள்ள பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள் என்றார்கள். அதனால் குரங்கணியிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பலர் இளம் பெண்கள். அன்றும் அடுத்து வந்த நாட்களிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தச் சரிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அங்கே எரிந்தது பெரும்பாலும் புல். மழைக்காலத்தில் உயரமாக வளர்ந்து, மாசி வெயிலில் நின்றபடியே காய்ந்த புல். எரியும் தீக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சுடர் விறுவிறுவென்று மேலேறி விரலைச் சுட்டுவிடும். மலைச்சரிவும் அப்படித்தான். கீழே எரிகிற தீயின் அனல் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டே வரும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயோடு வேலை செய்பவர்களின் கணக்கு. மேட்டை நோக்கி ஓடும் மனிதன் களைப்பான், தீ களைக்காது. மலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது: மேலே ஓடாதீர்கள், புல்லுக்குள் ஒளியாதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ வெறும் பாறையோ கிடைத்தால் அங்கே போய் நில்லுங்கள்.

சரி, தீ பிடித்தபின் என்ன நடக்கிறது? செயற்கைக்கோள் பார்க்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்திலிருந்து வனத்துறைக்காரர்களின் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செய்தி வந்தபின் அந்த இடத்துக்கு யாரோ நடந்துதான் போக வேண்டும். தண்ணீர் லாரி ஏறாத இடம். பச்சைத் தழையை ஒடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள். காற்று இடம் கொடுத்தால் எதிர்த்தீ வைக்கிறார்கள், அதாவது தீ வருகிற வழியில் இருப்பதை முன்கூட்டியே எரித்துவிடுகிறார்கள். இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் மலைவாழ் மக்கள்.

ஆகவே உண்மையான வேலை தீக்கு முன்னால் இருக்கிறது. தையிலேயே தீ தாண்டாதபடி புல்பூண்டை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, சருகைக் கூட்டி, அந்தப் பட்டையை மட்டும் எரித்துவிட வேண்டும். அதற்கான பணம் பங்குனியில் வந்து என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் கசப்பானது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோளகர்களுக்குத் 'தரகு பெங்கி' என்றொரு வழக்கம் இருந்தது. சருகுத் தீ என்று அர்த்தம். கோடை முற்றுமுன், ஈரப்பதம் இருக்கும்போதே சிறு சிறு தீ வைப்பார்கள். அது தரையோடு தவழ்ந்து சருகைத் தின்றுவிட்டு அடங்கிவிடும், மரத்தைத் தொடாது. 1974-இல் அந்த மலை சரணாலயமானது, அப்புறம் இந்தத் தீ குற்றமானது. உண்ணிச்செடி அதனால்தான் காட்டை மூடியது என்கிறார்கள் சோளகப் பெரியவர்கள். வெள்ளைக்காரர்கள் அழகுக்குக் கொண்டுவந்த செடி அது. அது பரவ வேறு காரணங்களும் உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். ஆனால் உண்ணிப்புதரில் பற்றிய தீ தரையோடு நிற்பதில்லை, கிளை வரை ஏறுகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததே, அங்கேயும் இந்தச் செடி மண்டிக்கிடந்தது.

அமெரிக்காவும் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் அங்கே வனத்துறை விதி போட்டது. எரியாத விறகு ஆண்டுக்காண்டு காட்டில் சேர்ந்தது. இப்போது மழை தவறுகிறது, வெயில் கூடுகிறது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரே சாம்பலாகி, அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள்.

யாரும் போய்க் காட்டில் தீ வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எங்கே, எந்தக் காற்றில் வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் இன்னும் நம் மலைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வனத்துறை அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். தீக்காவலர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளமும், கனத்த காலணியும், தீக்காயக் காப்பீடும் தர வேண்டும். நீங்களும் இந்தத் தையில் அனுமதி வாங்கிக்கொண்டு, கோடு வெட்டுகிறவர்களோடு ஒரு முழு நாள் நின்று பாருங்கள்.