டிராஃப்ட் கணிப்புக்கு மார்க் போடும் முறை

நேயர்களுக்கு வணக்கம். இன்று பேசப்போவது அமெரிக்கக் கால்பந்து பற்றி. ஆட்டத்தைப் பற்றி அல்ல. எந்த இளைஞன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு, சில ஆண்டுகள் கழித்து எப்படி மார்க் போடுவது என்பதைப் பற்றி.

டிராஃப்ட் என்றால் என்ன என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசிவாக்கில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். ஐபிஎல் ஏலம் மாதிரி விலையை ஏற்றிக் கேட்கும் வேலை இங்கே கிடையாது. போன சீசனில் அடிமட்டத்தில் முடித்த அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில். இப்படி ஏழு சுற்று. தன் முறையை ('தேர்வு' என்பார்கள்) இன்னொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு முறைகளை வாங்கிக்கொள்ளலாம்.

யாரை எந்த அணி எடுக்கும் என்று முன்பே போடும் பட்டியலுக்கு மாக் டிராஃப்ட் என்று பெயர். முதல் சுற்றில் இடம்பெறுவார் என்று சொன்ன பெயர் சரியானால் ஒரு மார்க், அணியும் சரியானால் கூடுதலாக இரண்டு என்று போடுவது ஒரு வழக்கம். 32 பெயருக்கு மொத்தம் 96. இதில் ஒரு ஓட்டை உண்டு. டிராஃப்டுக்கு முந்தைய இரவு, பெரும்பாலான பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். அதனால் பெயருக்குக் கிடைக்கும் மார்க்கில் திறமை குறைவு. பத்து நிபுணர்களின் பட்டியலைச் சேர்த்து ஒரு பொதுப்பட்டியல் தயாரியுங்கள். அதற்கு என்ன மார்க் வருகிறதோ, அதைவிட எவ்வளவு கூட வாங்கினார் என்பதுதான் ஒருவரின் உண்மையான மார்க். ஜனவரியில் போட்ட பட்டியலையும் ஏப்ரலில் போட்டதையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. 'அணி யாரை எடுக்கும்' என்பது ஒரு கேள்வி. 'எடுக்கப்பட்டவர் எப்படி ஆடுவார்' என்பது வேறு கேள்வி. 2017-இல் சிகாகோ பேர்ஸ் அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வர, கையிலிருந்த மூன்றாவது தேர்வோடு மேலும் மூன்று தேர்வுகளைக் கொடுத்தது. எடுத்தது மிட்செல் ட்ருபிஸ்கியை. பின்னாளில் பெரிய நட்சத்திரமான பாட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதாக கான்சாஸ் சிட்டிக்குப் போனார். சிகாகோ ட்ருபிஸ்கியை எடுக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தால், அணியின் மனதைச் சரியாகப் படித்தார் என்று அர்த்தம். மஹோம்ஸ்தான் உயர்ந்தவர் என்று எழுதியவருக்கு மார்க் வேறு தாளில் போட வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கூட்டினால் எதையும் அளந்ததாகாது.

எப்போது அளப்பது? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 1998-இல் பேட்டன் மானிங் முதலாவது, ரயன் லீஃப் இரண்டாவது. அந்த வசந்தத்தில் யார் மேல் என்று உண்மையாகவே விவாதம் நடந்தது. மானிங் பெரிய ஆட்டக்காரரானார், லீஃப் தேறவில்லை. இன்று கேட்டால் மானிங்தான் என்று அன்றே தெரியும் என்பார்கள். மானிங்கின் முதல் சீசனைப் பாருங்கள்: அவர் எறிந்த பந்தை எதிரணி 28 முறை பிடித்தது, அணிக்கு 3 வெற்றி, 13 தோல்வி. முதல் ஆண்டோடு தீர்ப்பு எழுதியிருந்தால் அவருக்கும் மோசமான மார்க்தான். மஹோம்ஸ் முதல் சீசனில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அங்கே அளக்கவே ஏதுமில்லை.

ஜாஷ் ஆலன் இன்னும் நல்ல உதாரணம். 2018-இல் பஃபலோ அவரை ஏழாவதாக எடுத்தது. வயோமிங் கல்லூரியில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. குறி தவறுகிறவர் என்று சந்தேகப்பட்டவர்களுக்குக் காரணம் இருந்தது. என்எஃப்எல்லில் முதல் சீசனில் அது 52.8, அடுத்ததில் 58.8, மூன்றாவதில் 69.2. 2019-இல் அந்தச் சந்தேகக்காரர் ஜெயித்தார், 2021-இல் தோற்றார். சொன்ன சொல் அதேதான்.

ஆகவே பார்க்கும் தேதியைக் கணிப்போடு சேர்த்தே எழுதிவிட வேண்டும். வசதியான ஒரு தேதி உண்டு. முதல் சுற்று ஆட்டக்காரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணியிடம். மூன்றாவது சீசன் முடிந்தபின் அதைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். 2020-இல் கான்சாஸ் சிட்டி மஹோம்ஸுக்கு நீட்டித்தது, சிகாகோ ட்ருபிஸ்கிக்கு நீட்டிக்கவில்லை. இதிலும் ஏமாற்றம் வரலாம். வேறோர் அணி டிராஃப்டில் எடுத்திருந்த சாம் டார்னால்டை 2021-இல் கரோலினா வாங்கியது. தங்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில் ஐந்தாம் ஆண்டை நீட்டித்தது, அங்கே அவர் சோபிக்கவில்லை. 2024-இல் அதே டார்னால்ட் மினசோட்டாவுக்கு 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். 'எடுத்த அணிக்கு உதவுவார்' என்று கணித்தாரா, 'நல்ல ஆட்டக்காரர்' என்று கணித்தாரா? கேள்வியில் அது இல்லையென்றால் சண்டை தீராது.

'உறுதி', 'சந்தேகம்' என்ற சொற்களுக்கு மார்க் போட முடியாது. சதவீதம் வேண்டும். 1950-இல் வானிலைக் கணிப்புக்காக கிளென் ப்ரையர் தந்த கணக்கு இதற்குப் போதும். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். லீஃப் தேறுவார், 80 சதவீதம் என்றவருக்கு 0.64. 55 சதவீதம் என்றவருக்கு 0.30. குறைவாக வந்தால் நல்லது. எல்லோருக்கும் 50 என்றே எழுதுகிற சோம்பேறிக்கு எப்போதும் 0.25. நிறைய பெயர்களுக்குச் சராசரி பார்க்கும்போது அந்த 0.25-ஐக்கூட ஒருவர் தாண்டிக் குறைக்கவில்லையென்றால், அவர் பேச்சு எவ்வளவு சுவையாக இருந்தாலும் கணிப்பாளர் அல்ல. ஒரே ஒரு பெயரை வைத்து யாரையும் மேலேற்றவும் வேண்டாம், கீழிறக்கவும் வேண்டாம்.

அணிகளுக்கு மார்க் போட சதவீதம் கிடைக்காது. கொடுத்த விலை கிடைக்கும். லீஃபுக்காக சான் டியாகோ ஓரிடம் மேலே வர, அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு உட்பட நிறையக் கொடுத்தது. எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு அதுதான் அன்றைய சாட்சி, பின்னால் மாற்றி எழுத முடியாதது. எதிர்த்திசையில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி. 2000-இல் 199-ஆவது தேர்வு. அவருக்கு முன் ஆறு குவாட்டர்பேக்குகள் (அவரைப் போலவே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள்) எடுக்கப்பட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவரை எடுத்த நியூ இங்கிலாந்து அணியே அவருக்கு முன் வேறு ஆறு பேரை எடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. தெரிந்திருந்தால் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். அன்றைய தேர்வுக்கு நியாயமான மார்க் சுமார்தான். அந்த சீசன் முழுக்க நான்கு குவாட்டர்பேக்குகளை அணியில் வைத்துக்கொண்டு அவரைக் கழற்றிவிடாமல் இருந்தார்களே, பாராட்டு அங்கே சேர வேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இதே டிராஃப்டை ஆராய்ந்தார்கள். களத்தில் ஒரே வேலையைச் செய்கிற, அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில், முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்தவரைவிடத் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 52 சதவீதம் என்று கண்டார்கள். ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஆட்களும் படப்பதிவும் உடற்தகுதிச் சோதனையும் வைத்திருக்கிற அணிகளின் கணக்கு இது. அடுத்தடுத்து நிற்கும் இருவரில் இவர்தான் மேல், 80 சதவீதம் என்று அடுத்த ஏப்ரலில் யாராவது சொன்னால், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.