பட்டாசு விளம்பரமும் பார்சல் மெயிலும்

(நூலக வாசகர் வட்டத்தில், தீபாவளிக்குச் சில வாரம் முன்பு பேசியது. எழுத்தில் படிக்க வசதியாக அங்கங்கே சரிசெய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பட்டாசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மெயில் மோசடி, ஆன்லைன் ஷாப்பிங் மோசடி என்று தலைப்பைப் போட்டுவிட்டு இவர் ஏன் பட்டாசு கொளுத்துகிறார் என்று நினைக்க வேண்டாம், எல்லாம் ஒரே வித்தைதான், பட்டாசில் அது நம் ஊர் வேஷத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

இந்த மாதத்தில் இன்ஸ்டாகிராமையோ பேஸ்புக்கையோ திறந்தால் "சிவகாசி நேரடி விற்பனை, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி" என்று ஒரு விளம்பரமாவது கண்ணில் படாமல் இருக்காது. மிக்ஸியையோ செல்போனையோ தொண்ணூறு சதவீதத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் நம் ஆட்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பட்டாசு என்றால் சிரிப்பதில்லை. ஏனென்றால் சிவகாசி விலைப்பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிஜக் கடைக்காரர்களே விலையை எங்கேயோ உயரத்தில் அச்சடித்துவிட்டு எண்பது சதவீதம் தள்ளுபடி என்று போடுவதுதான் பல வருஷ வழக்கம். மோசடிக்காரன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நமக்குப் பழகிப்போன அந்தப் பட்டியலை அப்படியே நகல் எடுத்துக்கொண்டான்.

விளம்பரத்தைத் தொட்டால் நேராக வாட்ஸ்அப்புக்குப் போகும். "வணக்கம் அண்ணா, லிஸ்ட் அனுப்புறேன் அண்ணா" என்று மரியாதையாகப் பேசுவான். பணத்தை ஜிபேயில் போடச் சொல்வான். போட்ட பிறகு லாரி வாடகை என்பான், அப்புறம் ஜிஎஸ்டி என்பான், கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். பட்டாசைத் தபாலில் அனுப்ப முடியாது, ரயிலில் கொண்டுவரக் கூடாது, லாரி ஷெட்டுக்கு வந்தபின் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதனால் ஒரு வாரம் ஆகும் என்று அவன் சொன்னால் நியாயமாகத்தான் படும். அந்த ஒரு வாரத்தில் பணம் நாலு கணக்கு மாறி எங்கேயோ போயிருக்கும், நம் நம்பரையும் பிளாக் செய்திருப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. இணைய வணிகத் தளங்கள் ஆன்லைனில் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே உத்தரவு போட்டுவிட்டது. ஏமாந்தவருக்கு இது பாதியில்தான் தெரியவரும். "நாம் வாங்கப் போனதே தப்போ, போலீஸில் போய் எப்படிச் சொல்வது" என்று வாயை மூடிக்கொள்வார். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாட்டு சைபர் குற்றப்பிரிவு காவல்துறையே போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பணத்தைப் பறிகொடுத்தவர் தயங்காமல் புகார் கொடுக்கலாம்.

சரி, இப்போது மெயிலுக்கு வருகிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் முதலில் வருகிற கேள்வி, "எது அசல், எது போலி என்று எப்படிப் பார்த்துக் கண்டுபிடிப்பது?" என்னைக் கேட்டால் அந்த ஆட்டத்துக்குள்ளேயே போகாதீர்கள் என்பேன். பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் நிறையப் பேர், அதுவும் விவரமானவர்கள், மாட்டுகிறார்கள்.

முன்பெல்லாம் எழுத்துப்பிழையைப் பார் என்று சொல்லிக் கொடுத்தோம். நைஜீரிய இளவரசர் கோடிக்கணக்கில் பணம் தருகிறேன் என்று எழுதுவாரே, ஞாபகம் இருக்கிறதா? மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் இருந்த கோர்மக் ஹெர்லி என்பவர் 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். யாருமே நம்பாத இந்தக் கதையை, நைஜீரியா என்ற பெயரோடேயே, இவர்கள் ஏன் மறுபடி மறுபடி அனுப்புகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அவர் கணக்கு இப்படிப் போகிறது: மெயில் அனுப்பச் செலவு கிடையாது, பதில் போடுகிறவரோடு வாரக்கணக்கில் பேசத்தான் செலவு. சந்தேகப்படுகிற ஆள் முதல் வரியிலேயே விலகிவிட வேண்டும், கடைசிவரை வரக்கூடியவர் மட்டும் பதில் போட வேண்டும். அபத்தமாக எழுதுவதே அதற்குத்தான். நாம் அவனை முட்டாள் என்று சிரித்துக்கொண்டிருந்தோம், அவன் நம்மைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தான். இப்போது வருகிற போலி பார்சல் மெயிலுக்கு அந்தச் சல்லடையும் வேண்டாம், ஒரே சொடுக்கில் வேலை முடிந்துவிடும் என்பதால் எல்லாரும் நம்புகிற மாதிரி சுத்தமாக எழுதுகிறான். இயந்திரமே பிழையில்லாமல் தமிழ் எழுதிக் கொடுக்கிற காலத்தில் ஒற்றுப்பிழையைத் தேடி என்ன பிரயோஜனம்.

அனுப்பியவர் பெயரைப் பார்க்கலாமே என்பீர்கள். மெயிலில் அனுப்புநர் பெயர் என்பது கவரின் மூலையில் எழுதுகிற விலாசம் மாதிரி, யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம். மெயில் அனுப்பும் விதிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கிற ஏற்பாடே அதில் இல்லை. பின்னால் சில சோதனைகளைச் சேர்த்தார்கள், ஜிமெயில் போன்றவை அவற்றைப் பார்க்கின்றன, உண்மைதான். ஆனால் செல்போனில் மெயிலைத் திறந்தால் பெயர்தான் பெரிதாகத் தெரியும், அதன் பின்னால் இருக்கிற முகவரி தொட்டால்தான் வரும். யார் தொட்டுப் பார்க்கிறார்கள்?

தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பூட்டுக்கு அர்த்தம், நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான். போய்ச் சேருகிற இடம் திருடன் வீடாக இருந்தாலும் பூட்டு இருக்கும், அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஜனங்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே கூகுள் 2023-இல் குரோமிலிருந்து அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது. முகவரியின் எழுத்தைப் பார்க்கலாம் என்றால் அதிலும் வம்பு. 2017-இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய எழுத்துகளைக் கோத்து, கண்ணுக்கு அச்சு அசலாக ஆப்பிள் நிறுவனத் தளம் மாதிரி தெரிகிற முகவரியைப் பதிவு செய்து காட்டினார். இப்போதைய பிரவுசர்கள் அந்த வித்தையைப் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனாலும் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துபோன விஷயம்.

அப்போ என்னதான் செய்வது? செய்தி எப்படித் தெரிகிறது என்று பார்க்காதீர்கள், எந்த வழியாக வந்தது என்று மட்டும் பாருங்கள். அது உங்களைத் தேடி வந்ததா, நீங்கள் தேடிப் போனதா? தேடி வந்ததென்றால், அது சொல்கிற விஷயம் உண்மையாகவே இருந்தாலும், அது காட்டுகிற வழியில் போக வேண்டாம்.

உதாரணத்துக்கு, "உங்கள் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆர்டர் உறுதியானது, நீங்கள் செய்யவில்லை என்றால் உடனே ரத்து செய்ய இங்கே தொடவும்" என்று ஒரு மெயில். நெஞ்சு திக்கென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். மெயிலை அப்படியே விட்டுவிட்டு அமேசானோ ஃபிளிப்கார்ட்டோ அந்த ஆப்பை நீங்களே திறந்து ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அப்படி ஒரு ஆர்டரே இல்லை. "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, விலாசம் முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும்" என்று அஞ்சல்துறை பெயரில் ஒரு எஸ்எம்எஸ் நாடு முழுக்கச் சுற்றியது, அது போலி என்று மத்திய அரசின் பிஐபி செய்திச் சரிபார்ப்புப் பிரிவே அறிவித்தது. பார்சல் எண் இருந்தால் தபால்துறைத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், எண்ணே இல்லையென்றால் பார்சலும் இல்லை. வங்கி விஷயத்தில் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முடிவுக்குள் வங்கிகள் எல்லாம் தங்கள் தளத்தை டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிற முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, வங்கி அல்லாதவர் அந்த முகவரியை வாங்க முடியாது. அதையும் மெயிலில் வந்த லிங்க்கைத் தொட்டுப் போய்ச் சோதிக்காதீர்கள், கையால் தட்டச்சு செய்யுங்கள்.

கூகுளில் தேடுவதை மட்டும் "நாம் தேடிப் போனது" என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்கிய பொருள் சரியில்லை, பணம் திரும்ப வேண்டும், "கஸ்டமர் கேர் நம்பர்" என்று போட்டுத் தேடுகிறோம், முதலில் வருகிற நம்பருக்குக் கூப்பிடுகிறோம். அந்த நம்பரை அங்கே போட்டு வைத்ததே அவனாக இருக்கலாம். நாமே கூப்பிட்டதால் சந்தேகமே வராது, இருக்கிற மோசடிகளிலேயே எனக்கு ரொம்பப் பயமானது இதுதான். பணம் திருப்பித் தர எனிடெஸ்க் மாதிரி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான், அதன் பிறகு உங்கள் திரை அவன் கண் முன்னால். ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. நம்பர் வேண்டுமென்றால் ஆப்புக்குள்ளே எடுங்கள், வங்கி என்றால் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். அதே போல, பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருநாளும் தேவைப்படாது, கியூஆர் ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்றுதான் அர்த்தம், ரீஃபண்ட் என்று எவ்வளவு இனிக்க இனிக்கச் சொன்னாலும்.

கேஷ் ஆன் டெலிவரி பத்திரம் என்று நினைக்கிறோம். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது உங்கள் பெயரில் பார்சல் வரும், வீட்டில் அம்மா ஐந்நூறோ அறுநூறோ கொடுத்து வாங்கி வைப்பார், உள்ளே பழைய துணி. வீட்டில் இருப்பவர்களிடம், நான் முன்கூட்டிச் சொன்னால் ஒழிய காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். டெலிவரி ஆள் மாதிரி கூப்பிட்டு, "வழி தெரியவில்லை சார், இந்த நம்பரை அழுத்துங்கள்" என்று *21* என்றோ *401* என்றோ ஆரம்பிக்கிற எண்ணைச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும், ஓடிபி-யைக் குரலில் சொல்கிற அழைப்பும் சேர்த்து. அழுத்தித் தொலைத்துவிட்டால் ##002# போடுங்கள், ரத்தாகும். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஃபைலைத் தொடவே வேண்டாம், அது பத்திரிகை இல்லை, உங்கள் போனுக்குள் குடியேற வருகிற ஆப்.

சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே அட்டையிலிருந்து பணம் போய்விடும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, இன்றைக்கே நிறுத்துங்கள், தேவைப்படுகிற அன்றைக்குத் திறந்துகொள்ளலாம். ஆன்லைன் செலவுக்கென்று தனியாக ஒரு கணக்கு, அதில் சில ஆயிரம் மட்டும். ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் இருக்கிற கணக்கை யுபிஐ-யில் இணைக்கவே வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

பணம் போய்விட்டால்? உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான எண். மனப்பாடம் செய்யுங்கள். 2021-இல் உள்துறை அமைச்சகம் கொண்டுவந்த ஏற்பாடு இது, ஆரம்பத்தில் எண் வேறாக இருந்தது. நீங்கள் புகார் சொன்னதும் அந்தத் தகவல் வங்கிகளுக்குப் போகிறது, பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள். கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்த ஒன்றும் இருக்காது, அதனால் நாளைக் காலை பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

கையோடு வங்கிக்கும் தெரிவியுங்கள், எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்குச் சான்று வாங்குங்கள். நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், "போலீஸுக்குப் போங்க" என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் உண்டு, புகார் எண் இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு எங்கேயோ நடந்த கசிவால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். நீங்களே ஓடிபி-யைக் கொடுத்திருந்தால் சொல்கிற நேரம்வரை போனது உங்கள் நஷ்டம், சொன்ன பிறகு போனால் வங்கியின் நஷ்டம். மோசடி இல்லாமல் நிஜக் கடையே சொதப்பியது என்றால் அது வேறு வழி. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன, அவர்கள் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அப்புறம், போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் அவன் இரண்டாவது திருடன்.

ஏமாந்தவரை வீட்டில் கேலி செய்யாதீர்கள், இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். பெரியவர்கள் பணம் போனதற்குக் கவலைப்படுவதைவிட, பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள், 1930-க்குக் கூப்பிட்டால் பிரயோஜனம் இருந்திருக்கக்கூடிய நேரமெல்லாம் அந்தப் பயத்திலேயே போய்விடுகிறது.

கடைசியில் ஓர் அம்மா கேட்டார், முந்நூறு ரூபாய்க்கெல்லாம் போய்ப் புகார் கொடுப்பார்களா என்று. கொடுக்கலாம் அம்மா. உங்களிடம் முந்நூறு வாங்கிய அதே கணக்கில் இன்னும் பல பேர் போட்டிருப்பார்கள், புகார் சேரச் சேரத்தான் அந்தக் கணக்கு முடக்கப்படும். பணம் அனுப்பியதற்கு அடையாளமான யுடிஆர் என்கிற பன்னிரண்டு இலக்க எண்ணைக் கேட்பார்கள், அது எங்கே இருக்கும் என்று உடனே போனை என் பக்கம் நீட்டினார். இல்லை அம்மா, யாரிடமும் கொடுக்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். நீங்களே ஜிபேயைத் திறந்து, பணம் அனுப்பிய அந்த வரியைத் தொடுங்கள், கீழே வரும், அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இங்கிருந்தே 1930-க்குக் கூப்பிடுங்கள்.